ஆறாத விறகு

"எந்த விறகைக் கொண்டுபோறது?" என்று மரேத்தா கேட்டாள்.

லெமாலு தன் தூணில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சலெத்தேலே ஊரின் சபை அந்த வீட்டில் கூடும்போது அந்தத் தூணில் சாய அவருக்கு மட்டுமே உரிமை. குடித்தலைவரான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் அதில் சாய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. கடலுக்கு மேல் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. எதிரே கல்லடுப்பிலிருந்து பொறுக்கி எடுத்த பத்துக் கற்கள் கூடையில் இருந்தன. பக்கத்தில் ஒரு கட்டு வாழையிலை. அதற்கும் அப்பால் மரேத்தாவின் தாய்வழியில் வந்த மென்பாய், துணி போல மடிந்து, ஓரத்தில் சிவப்பு இறகுகளோடு.

ஒரு குடும்பத்தின் கையால் இன்னொரு குடும்பத்துக்குப் பெரிய தீங்கு நேர்ந்துவிட்டால், தீங்கு செய்த குடும்பத்தின் தலைவர் அவர்கள் வாசலில் போய் மென்பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். கல்லும் இலையும் விறகும் கூடப் போகும். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அதற்கு அர்த்தம். யாரையும் யாரும் சுட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் விறகில்லாமல் யாரும் போனதில்லை. பாயை அவர்கள் எடுத்துவிட்டால் பகை முடிந்தது. எடுக்காவிட்டால், அந்தக் குடும்பத்தோடு அந்தத் தலைமுறையில் பேச்சு கிடையாது.

"எங்க வீட்டுல கொய்யா விறகு ரெண்டு கட்டு காய்ஞ்சு கெடக்கு. எடுத்தாந்துடறேன்" என்றார் ஃபெத்தூ. லெமாலுவின் சித்தப்பா மகன். குடும்பத்துக்காகச் சபையில் பேசுகிறவர்.

"அவங்க கொட்டகைய எரிச்சது கொய்யாவா?" என்றாள் மரேத்தா.

"அண்ணி, வாசல்ல போய் மன்னிப்புக் கேக்கப் போறோம். பட்ட கண்ணுலயே குத்தப் போகல."

"கொய்யாவக் கொண்டு போனா, எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க."

பின்பக்கத்தில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்த மகள் ஃபொலோலே தலை நிமிரவில்லை. நான்கு நாளாக அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஊர் முழுக்க அவளைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

"கருவிறகு" என்றார் லெமாலு. "பழசுல ஒரு கூடை இருக்கில்ல? அத எடு."

*

தமலிங்கி மரத்தைச் சலெத்தேலேக்காரர்கள் மரம் என்றே மதிப்பதில்லை. யாரும் நடாமல் வரும். மூன்றே வருஷத்தில் தென்னை உயரத்துக்கு நிற்கும். புயல் வந்தால் முதலில் அதுதான் விழும், அதுவும் யாருடைய கூரைமேலாவது. வெட்டினால் கட்டை பஞ்சு மாதிரி ஈரம் குடித்துக் கிடக்கும். அடுப்பில் வைத்தால் தீயைவிடப் புகைதான் அதிகம். விருந்தாளிக்குத் தமலிங்கியில் சமைத்துப் போட்டவர்கள் என்று ஒரு வீட்டைச் சொன்னால், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

அந்த மரத்தைத்தான் ஃபொலோலே கையில் எடுத்தாள். விவசாயக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்துவிட்டுத் திரும்பியவள், வீட்டுக்குப் பின்னால் நான்கு பெரிய பீப்பாய்களையும் நான்கு சின்னப் பீப்பாய்களையும் கொண்டுவந்து இறக்கினாள்.

"இதென்ன, மழைத்தண்ணி பிடிக்கவா?" என்று கேட்டார் லெமாலு.

"விறகு வறுக்க, அப்பா."

"விறக எரிப்பாங்க. வறுப்பாங்களா?"

"கோக்கோ வறுக்கிறோமே, அது மாதிரி. பச்சையாவும் விடக்கூடாது, கருகவும் விடக்கூடாது. காத்தே படாம வறுக்கணும். தேங்காய்ப்பால் ஆலையில கொதிகலனுக்கு வெளிநாட்டு நிலக்கரி வாங்கிப் போடறாங்க. அதுக்குப் பதிலா இது போதும்னு சொல்லிட்டாங்க."

அடுத்த வீட்டுச் செயூலி அன்றைக்கே வேலியோரம் வந்து நின்றுவிட்டார். அவரும் குடித்தலைவர். சபையில் லெமாலுவுக்கு நேர் எதிர்த் தூண். இருபது வருஷமாக இருவரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசியே பழகியவர்கள்.

"லெமாலு, இனிமே உங்களத் தமலிங்கித் தலைவர்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க. ஆனா உங்க கொப்பரைக் கொட்டகைமேல சாய்ஞ்சு நிக்குதே ரெண்டு தமலிங்கி, அதை வெட்டிக்கறேன். அடுத்த புயலுக்குக் கொட்டகை மிஞ்சும்."

"வெட்டிக்குங்க. உங்க சொந்தக்காரங்கதானே!"

சிரிப்பு இரண்டு வீட்டிலும் கேட்டது.

முதல் பீப்பாய் திறந்த நாளை லெமாலு மறக்கவில்லை. சின்னப் பீப்பாயில் சாணளவுக் கட்டைகளை அடுக்கி, மூடியைக் களிமண்ணால் பூசி, பெரிய பீப்பாய்க்குள் வைத்துச் சுற்றிலும் தீ போட்டிருந்தாள் மகள். அடியில் ஒரு குழாய். முதலில் அதிலிருந்து வெள்ளை ஆவி வந்தது. பிறகு அது மஞ்சளாகி, தானே பற்றிக்கொண்டு, வெளித்தீக்குத் தானே எண்ணெய் ஊற்றுவது போல எரிந்தது. தோட்டம் முழுக்க வெல்லம் காய்ச்சுகிற வாசனை. விறகு தன்னைத் தானே சமைத்துக்கொள்வதை அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. தீயைப் பற்றி இனி தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தவர்.

தீயை அணைத்து இரண்டு இரவு மூடியே வைத்திருந்து மூன்றாம் நாள் திறந்தாள். கட்டைகள் அதே வடிவில், அதே கணுக்களோடு, காப்பிக்கொட்டை நிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவே கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். பாதி எடைகூட இல்லை. இன்னொன்றோடு தட்டினால் மண்பானை போலச் சத்தம். விரலால் அழுத்தினால் மடக்கென்று ஒடிந்தது. தண்ணீரில் போட்டால், ஈரம் குடிப்பதையே தொழிலாக வைத்திருந்த மரம், மிதந்துகொண்டு தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிட்டது.

"தமலிங்கியா இது?" என்றார்.

"தமலிங்கிதான். இப்ப கருவிறகு."

அன்று மாலை பிரார்த்தனையில் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடியிருந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று மரேத்தா கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டல. சும்மா நெனச்சுப் பாத்தேன்" என்றார்.

*

பிசகு ஒரு சனிக்கிழமையில் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் வேலை செய்யக்கூடாது. கோவில் ஆராதனைக்குப் பின் சாப்பிடுவதற்கான கல்லடுப்பைத் தவிர வேறு வேலைக்குத் தீ மூட்டக்கூடாது, எந்தச் சூளையும் சூடாக இருக்கக்கூடாது. இதைச் சபையில் கொண்டுவந்து நிறைவேற்றியவரே லெமாலுதான். திங்கள் விடியலில் ஆலையின் லாரி வருவதாக இருந்தது. முதல் பெரிய சரக்கு. நான்கு பீப்பாய்களையும் வெள்ளி இரவுதான் அணைத்திருந்தார்கள். ஞாயிறு முழுக்க அவை வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும், கோவிலுக்குப் போகிற வழியில் எல்லோர் கண்ணிலும் படும். சட்டம் போட்டவன் வீட்டிலேயே என்று செயூலி சொல்லாவிட்டாலும் நினைப்பார்.

"தொறந்து மூட்டை கட்டுங்க" என்றார் லெமாலு.

"அப்பா, இன்னும் ஆறல."

அவர் மூடியைத் திறக்கச் சொல்லி, மேலே கிடந்த கட்டைகள்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "குளிர்ந்துதான் இருக்கு."

"மேல அப்படித்தான் இருக்கும். உள்ள இருக்கிற சூடு கைக்குத் தெரியாது. காத்துப் பட்டு, மூட்டையில நெருக்கி அடுக்கினா அதுவே சூட்டக் கூட்டிக்கும். திங்கக்கிழம லாரிய மத்தியானம் வரச் சொல்லலாம்."

"ஆலைக்காரனுக்குக் குடுத்த வார்த்தைய மாத்தறதா? நான் தொட்டுப் பாத்துட்டேன், ஃபொலோலே."

அவர் தொட்டுப் பார்த்ததாகச் சொன்ன பிறகு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மழை மேகம் வேறு திரண்டது. ரோட்டோரம் காய்ந்த இடம் செயூலியின் கொப்பரைக் கொட்டகைதான். கேட்டதும் அவர் கொடுத்தார். "உங்க சொந்தக்காரங்க எங்க வீட்டுல ரெண்டு நாள் தங்கறதுல என்ன இருக்கு!" செயூலியின் மூத்த மகன் ரொப்பாத்தி, முன்பே கட்டி வைத்திருந்ததையும் சேர்த்து நாற்பது மூட்டையில் பாதியைத் தானே தோளில் சுமந்து கூரைவரை அடுக்கிக் கொடுத்தான். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். வலை வீசுவதில் ஊரில் அவனுக்கு ஈடு இல்லை.

மறுநாள் கோவிலில் இரண்டாம் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே அந்த வெல்ல வாசனை வந்தது. லெமாலுவின் வாய் பாடிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் ஜன்னலுக்குப் போனது. பாடகர் வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டையோடு முதலில் எழுந்து ஓடியவன் ரொப்பாத்தி.

யாரும் நெருப்பு வைக்கவில்லை. இடி விழவில்லை. விறகு தனக்குள் வைத்திருந்த சூட்டைத் தானே ஊதிப் பெருக்கிக்கொண்டு, ஊரே ஆண்டவனைப் பாடிக்கொண்டிருந்த வேளையில் விழித்துவிட்டது. ரொப்பாத்தி ஒன்பது மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டான். லாரி வருமே, லெமாலு வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று கத்திக்கொண்டே இழுத்தானாம். பத்தாவது மூட்டை அவன் கைகளிலேயே வெடித்துத் திறந்தது.

கொட்டகை தரைமட்டம். ரொப்பாத்தியின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. வலது கை விரல்கள் மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார், அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் மருத்துவர்.

திங்கட்கிழமைக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. படிச்சிட்டு வந்த பொண்ணு என்னமோ கெமிக்கல் கலந்து பண்ணியிருக்கு. ஃபொலோலே மறுக்கவில்லை. மகள் வாய் திறக்காததை லெமாலு நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வியாழக்கிழமை சூரியன் கடலைவிட்டு எழும்போது பதினெட்டு பேர் செயூலியின் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் லெமாலு. தலைமேல் மென்பாய். முன்னே கல், இலை, ஒரு கூடை கருவிறகு.

பாய்க்கு உள்ளே உலகம் மஞ்சளாக இருந்தது. நெசவின் இடுக்கு வழியே புள்ளி புள்ளியாக வெளிச்சம் அவர் கைமேல் விழுந்தது. மரேத்தாவின் தாய் பெட்டியில் போட்டு வைத்த மோசோயிப் பூவின் வாசனை இன்னும் பாயில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். முதுகு அதற்குப் பழகவில்லை, வலித்தது.

செயூலியின் வீட்டுக்குள் ஆட்கள் நடமாடுவது கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. அதுதான் முறை. கோபம் தீர நேரம் கொடுக்க வேண்டும்.

"என் முட்டி போச்சு" என்று பின்னால் ஃபெத்தூ முணுமுணுத்தார்.

"பேசாம இருங்க" என்றாள் மரேத்தா.

"பேசத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க."

வெயில் ஏறியது. பாய்க்குள் காற்றில்லை. மூச்சு உள்ளேயே சுற்றிச் சூடாகிக் கொண்டிருந்தது. களிமண் பூசிய மூடிக்குள் அந்தக் கட்டைகள் இப்படித்தான் கிடந்திருக்கும் என்று லெமாலுவுக்குத் தோன்றியது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. வழியில் போகிறவர்களின் காலடிகள் வேலியோரம் வந்ததும் மெதுவாவதை அவர் கேட்டார். பள்ளிக்கூடத்து மணி ஒருதரம் அடித்தது, பிறகு ஒருதரம்.

மணி பதினொன்று இருக்கும். வாசற்படியில் செயூலியின் தொண்டைச் செருமல் கேட்டது. அது பேசலாம் என்பதற்கு அடையாளம். பாய்க்கடியில் இருப்பவர் பேசக்கூடாது. அவர் அங்கே மனிதர் இல்லை, அடுப்புக்கு வந்த பொருள். பேசுகிறவர் ஃபெத்தூ.

ஃபெத்தூ தொடங்கினார். முட்டி வலி குரலில் இல்லை. செயூலியின் வம்சத்தை, வாசல் மண்ணை, அந்த வீட்டுப் பெண்கள் நெய்த பாய்களை ஒவ்வொன்றாகப் போற்றினார். பிறகு சொன்னார்:

"எங்க வீட்டுல விவரம் பத்தாத ஒரு சின்னப் பொண்ணு. படிப்பு இருக்கு, பக்குவம் இல்ல. அவ கைப்பிழையால உங்க வீட்டுத் தூண் ஒண்ணு கருகிடுச்சு. அந்தப் பொண்ணுக்காக எங்க தலைவர் இதோ..."

முறைப்படி சரியான பேச்சு. சின்னவர்களின் அறியாமை என்று சொன்னால் தலைவரின் பெயர் காயப்படாது. லெமாலு குடும்பத்தின் பெயர் ஐந்து தலைமுறையாக அப்படித்தான் காயப்படாமல் வந்திருந்தது. பாய்க்குள் இருந்த லெமாலு தன் உள்ளங்கையைப் பார்த்தார். வெளிச்சப் புள்ளிகள் அதன்மேல் அசைந்தன. இந்தக் கைதான் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னது.

"இல்ல" என்றார்.

ஃபெத்தூவின் பேச்சு பாதியில் நின்றது.

"அவ வேண்டாம்னு சொன்னா. உள்ள சூடு இருக்குன்னு சொன்னா. நான்தான் தொறக்கச் சொன்னேன். ஞாயித்துக்கிழம என் வீட்டுப் பீப்பாய உங்க கண்ணு பாக்கக்கூடாதுன்னு தொறக்கச் சொன்னேன், செயூலி. அதுல இருந்தது என் வறட்டு மானம். ரொப்பாத்தி சுமந்தது அதத்தான்."

பாய்க்கடியிலிருந்து குரல் வந்து அந்த ஊர் கேட்டதே இல்லை. ஃபெத்தூவின் மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது. அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். நான்கு நாளாக அழாதவள். அந்தக் குரல் லெமாலுவுக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்துப் பெண்காலடி ஒன்று படியிறங்கி வந்து கூடைக்கு அருகில் நின்றது.

"இது என்ன?" செயூலியின் மனைவி சலோமே.

"கருவிறகு, அத்தை" என்றாள் ஃபொலோலே.

"இதுதானா அது?"

"இது போன மாசத்துச் சரக்கு. நல்லா ஆறினது. கைய அடி வரைக்கும் விட்டுப் பாருங்க."

கூடைக்குள் கை துழாவும் சத்தம். கட்டைகள் மண்பானை போல ஒன்றோடொன்று தட்டின.

"சலோமே, என்ன பண்றே?" என்று மேலிருந்து செயூலி கேட்டார்.

"பகல் வேளை ஆச்சு. வாசல்ல பதினெட்டு பேரு பட்டினியா உக்காந்திருக்காங்க. சபையில பேசறது உங்க வேல. யாருக்கு எப்ப சோறு போடறதுங்கறது என் வேல." குரலை உயர்த்தினாள். "டேய், வாங்கடா! இந்தக் கல்லையும் எடுத்து அடுக்குங்க. இந்த விறகையே போடுங்க."

"தமலிங்கியா அம்மா? புகைஞ்சு தள்ளுமே!" என்றான் இளைய மகன்.

"போடுன்னா போடு."

லெமாலு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தென்னம்பாளை பற்றுகிற சடசடப்பு. பிறகு ஒன்றுமே இல்லை. கண்ணை எரிக்கிற புகை பாய்க்குள் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மூங்கில் புல்லாங்குழலில் மெதுவாக ஊதுவது போல ஒரு சீறல் மட்டும்.

"பத்திக்கிச்சாடா?" செயூலியின் குரல் இப்போது அடுப்புப் பக்கமிருந்து வந்தது.

"பத்திக்கிச்சு அப்பா. புகையே இல்ல. பக்கத்துல வராதீங்க, தாங்க முடியல. கல்லப் பாருங்க, கல்லு!"

கொய்யா விறகில் கல் வெளுக்க ஒரு மணி நேரமாகும். அரைமணிகூட ஆகியிருக்காது. கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பை வைத்தே கற்கள் என்ன நிறத்தில் இருக்கும் என்று லெமாலு அறிந்தார். சிவந்து, பிறகு சாயங்கால நட்சத்திரம் போல வெளுத்து. ஒரு கல் டப்பென்று வெடித்தது.

"ஆண்டவனே" என்றார் செயூலி மெதுவாக. "விழுந்து விழுந்து கூரைய உடைக்கிற மரம். இத்தனையும் உள்ள வச்சிருந்திருக்கு."

லெமாலுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதல் பீப்பாய் திறந்த நாளில் அவரும் இதையேதான் நினைத்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

சேம்பும் சீமைப்பலாவும், தேங்காய்ப்பால் ஊற்றி மடித்த சேம்பிலையும் கற்களுக்கு நடுவே போய், வாழையிலை மூடி, வேகத் தொடங்கின. அந்த வாசனை பாய்க்குள் வந்தபோதும் பாய் இன்னும் அவர் தலைமேல்தான் இருந்தது. அதை எடுக்கிற உரிமை சலோமேக்கு இல்லை. செயூலிக்குமே பாதிதான்.

ரோட்டில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. களிம்பு வாசனையோடு ஒருவர் அவருக்கு முன்னால் வந்து நின்று, சிரமப்பட்டு மண்டியிடுவது தெரிந்தது. பாய் ஒரு பக்கம் தூக்கி, நழுவி விழுந்தது. மறுபடி தூக்கியது. துணி சுற்றிய இரண்டு கைகள் பாயின் விளிம்புக்கு அடியில் மண்வெட்டி போல நுழைந்து, விரல்களின் உதவி இல்லாமல், அதைப் பின்னால் தள்ளின.

வெளிச்சம் கண்ணைக் கூசியது. ரொப்பாத்தி முகம் இளைத்திருந்தான். புருவம் பாதி இல்லை.

"டாக்டர் சாயங்காலம் வரைக்கும்தான் விட்டாரு" என்றான். "உள்ள வாங்க, லெமாலு. என்னால கை குடுத்துத் தூக்க முடியாது. நீங்களே எந்திரிக்கணும்."

செயூலி படியில் நின்றுகொண்டிருந்தார். "முட்டி பிடிச்சவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். ஃபெத்தூவை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஃபொலோலேயின் கையைச் சலோமே பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் விருந்தாளித் தலைவருக்கு முதல் இலை. லெமாலுவை அவருக்குரிய தூணருகே உட்கார வைத்து, பெரிய சேம்பு ஒன்றை முதலில் அவர் முன் வைத்தார்கள். அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும். பட்டம் இல்லாத இளையவர்கள் எல்லோருக்கும் கடைசியில்.

ரொப்பாத்தி கீழ்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி இன்னும் அடுப்படியிலிருந்து வரவில்லை.

லெமாலு இலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தூணை விட்டு, வரிசையைத் தாண்டி, அவன் முன்னால் போய்த் தரையில் சம்மணமிட்டார். "லெமாலு, வேண்டாம்" என்று செயூலியே பதறினார். ஒரு குடித்தலைவர் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பரிமாறியதாக அந்தத் தீவில் எங்கும் பேச்சில்லை.

சேம்பைக் கையில் எடுத்தார். மேல்தோல் குளிர்ந்திருந்தது. தாராளமாகத் தொட முடிந்தது. இரண்டாகப் பிட்டார். நடுவிலிருந்து ஆவி குபுக்கென்று எழுந்து அவர் முகத்தில் அடித்தது.

ரொப்பாத்தி வாயைத் திறந்தான்.

"பொறு" என்றார் லெமாலு. பிட்ட துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ஊதாமல், அசையாமல் காத்திருந்தார். இரண்டு குடும்பமும் பசியோடு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆவி மெல்ல மெலிந்து, நூலாகி, நின்றது. அவர் அதன் நடுப்பகுதியைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.